படம் எடுத்தவர் பெயர் இருக்கிறது, ஆடியவர் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை நம் நாளிதழின் மும்பைப் பக்கத்தில் காலா கோடா கலை விழாவைப் பற்றிய செய்தியும், அதற்கு மேலே பெரிய வண்ணப் படம் ஒன்றும் வந்திருந்தன. பொய்க்கால் குதிரை ஆடுகிற ஒருவர், தலைப்பாகையின் சரிகை முனை காற்றில் எழும்ப, ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்கு எதிரே சட்டென்று திரும்பும் நொடி. நல்ல படம். குதிரையின் கழுத்தில் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளில் மாலை வெயில் பட்டுத் தெறிப்பதைத் தப்பவிடாமல் பிடித்திருக்கிறார் உங்கள் புகைப்படக்காரர். அந்தத் தெருவில் வெயில் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்குவதற்கு முன் கிடைக்கிற வெளிச்சம் கொஞ்ச நேரம்தான். அதற்காகக் காத்திருந்து எடுத்திருக்கிறார் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

படத்தின் கீழே, "காலா கோடா விழாவில் பார்வையாளர்களைக் கவர்ந்த நாட்டுப்புறக் கலைஞர்" என்று ஒரு வரி. அதை ஒட்டிச் சிறிய எழுத்தில் படம் எடுத்தவரின் பெயர். ஆடியவரின் பெயர் இல்லை. செய்திக்குள் இருக்கலாம் என்று கடைசி வரி வரை படித்தேன். விழாவில் பேசியவர்களுக்குப் பெயர் இருந்தது, ஓவியம் வைத்தவர்களுக்குப் பெயர் இருந்தது, கைவினைக் கடை போட்டவர் ஒருவருக்குக்கூடப் பெயரும் ஊரும் இருந்தன. பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற மனிதருக்கு மட்டும் இல்லை.

அவரை எனக்குத் தெரியும். சயான் கோலிவாடாவில் என் ஸ்டுடியோவிலிருந்து இரண்டு சந்து தள்ளிக் குடியிருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வாரநாட்களில் கட்டடங்களுக்கு பெயின்ட் அடிக்கும் வேலை. அவரோடு ராணி வேடம் கட்டி ஆடுகிறவர் அவருடைய மனைவி. உங்கள் படத்தின் இடது ஓரத்தில் இன்னொரு குதிரையின் காதும் கடிவாளத்தின் நுனியும் தெரிகின்றன அல்லவா, அது அந்த அக்காதான். ராஜாவும் ராணியும் சேர்ந்து ஆடுவதுதான் அந்த ஆட்டம். ஒருவர் முன்னேறும்போது மற்றவர் பின்வாங்குவார், ஒருவர் சுற்றும்போது மற்றவர் எதிர்ச்சுற்று வருவார். பாதியை வெட்டிவிட்டால் அது வேறு ஏதோ ஓர் ஆட்டம்.

நான் படம் எடுப்பவர்களுக்கு எதிராக எழுதவில்லை. என் அப்பா கோலிவாடாவில் தொடங்கிய ஸ்டுடியோவைத்தான் இன்றும் நான் நடத்துகிறேன். பாஸ்போர்ட் படம், கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, இறந்தவர்களின் பழைய படத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பது என்று என் பிழைப்பு முழுவதும் படம்தான். காலா கோடா விழாவுக்கு நானும் கேமராவோடு போகிறவள். 1999-ஆம் ஆண்டு தொடங்கிய விழா. ஒன்பது நாள், கட்டணம் கிடையாது, ரேம்பார்ட் ரோவில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டுத் தெருவை நடக்கிறவர்களுக்கு விட்டுவிடுவார்கள். இந்த நெரிசலான நகரத்தில், டிக்கெட் வாங்க வசதியில்லாத ஒரு குடும்பம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மேடை நாட்டியத்தையும் தெருக்கூத்தையும் ஒரே மாலையில் பார்க்க முடிகிறது என்றால் அது பெரிய காரியம். கேமராவும் அந்த இடத்துக்குப் புதிதல்ல. 1896 ஜூலை 7 அன்று இந்தியாவில் முதன்முதலாகச் சலனப்படம் காட்டப்பட்ட வாட்சன் ஹோட்டல் கட்டடம் அங்கேதான் நிற்கிறது.

ஆனால் கடந்த சில ஆண்டுகளாக அந்தத் தெருவில் நடப்பதைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது. ஆட்டக்காரரைச் சுற்றி வட்டம் போட்டு நிற்கும் கூட்டத்தில் ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கிறவர்கள் குறைவு. செல்பேசியும் கேமராவும் நீண்டுகொண்டே வர, வட்டம் சுருங்கிக்கொண்டே போகிறது. பறை அடிக்கிற பிள்ளைகளுக்குக் கை வீச இடமில்லை. பொய்க்கால் கட்டியவருக்குக் கால் வைக்க இடமில்லை.

பொய்க்கால் என்றால் என்னவென்று தெரியாமலே பலர் அதைப் படம் எடுக்கிறார்கள். சுமார் ஒரு முழ உயரக் கட்டைகள் இரண்டு. அவற்றின் மேல் பாதத்தை வைத்து, கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை பழந்துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டுவார்கள். கட்டையின் அடி, கையளவுகூட இல்லாத ஒரு வட்டம். அதன் மேல் நிற்கும் மனிதரால் அசையாமல் நிற்க முடியாது. நின்றால் சாய்ந்துவிடுவார். ஆட்டம் ஓய்ந்த நேரத்திலும் கால் மாற்றிக் கால் மாற்றி 'டொக் டொக்' என்று வைத்துக்கொண்டே இருப்பதன் காரணம் அதுதான். இது தெரியாதவர்கள், "ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், படம் எடுத்துக்கொள்கிறேன்" என்று கேட்கிறார்கள். ராஜா வேடம் கட்டும் அந்த அண்ணனும் சிரித்துக்கொண்டே யாருடைய தோளையாவது பிடித்துக்கொண்டு நிற்பார். கேமராவின் ஷட்டர் திறந்து மூடும் நேரத்தை நிழலில் விநாடியில் 250-இல் ஒரு பங்கு, வெயிலில் 500-இல் ஒரு பங்கு என்று வைத்தால் ஆடும்போதே கூர்மையாக விழுந்துவிடும் படத்துக்கு, ஆட்டத்தை நிறுத்தச் சொல்வது எதற்கு?

போன ஆண்டு புறநகரில் வேறொரு விழாவில், இருட்டிய பிறகு, ஒருவர் தரையில் உட்கார்ந்து கீழிருந்து மேலாக ஃபிளாஷ் அடித்தார். அண்ணனுக்குக் கண் கூசிவிட்டது. அடுத்த அடி, கூட்டத்தில் யாரோ தரையில் வைத்திருந்த கேமராப் பையின் வாரில் விழுந்தது. குதிரையோடு சேர்த்துப் பக்கவாட்டில் சாய்ந்தார். மணிக்கட்டு வீங்கி, பிரஷ் பிடிக்க முடியாமல் வேலைக்குப் போகாமல் கிடந்தார். அவர் விழுந்ததையும் நாலைந்து பேர் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அக்கா சொன்னபோது எனக்குப் பேச்சே எழவில்லை.

அவர்கள் அங்கே எப்படி வந்து சேர்கிறார்கள் என்பதையும் உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு குதிரைக் கூடுகளையும் பழைய புடவையில் சுற்றி, ஜிடிபி நகர் நிலையத்தில் ஹார்பர் லைன் வண்டியின் லக்கேஜ் பெட்டியில் ஏற்றுவார்கள். மீன் கூடைகளுக்கும் தகர டப்பாக்களுக்கும் நடுவில், கண்ணாடிச் சில்லு உதிராமல் இருக்க அக்கா தன் மடியில் குதிரையின் தலையை வைத்துக்கொண்டு சத்ரபதி சிவாஜி நிலையம் வரை வருவார். அங்கிருந்து தூக்கிக்கொண்டு நடை. டாக்ஸிக்குக் கொடுத்தால் அன்றைய வரும்படியில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். ஆட்டம் முடிந்து அண்ணன் எங்கேயாவது ஒரு மதில் ஓரமாக உட்கார்ந்து கட்டை அவிழ்க்கும்போது பார்த்திருக்கிறேன். துணி இறுக்கிய இடங்களில் வரி வரியாகப் பள்ளம் விழுந்து, தோல் வெளுத்துக் கிடக்கும். இரத்தம் ஓடி நிறம் திரும்பும் வரை காலைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் அங்கே ஒரு கேமராவும் இருக்காது. நான் பல தடவை கையில் கேமரா இருந்தும் அதை எடுக்கவில்லை. "இதை எடுத்துக்கொள், இதுதான் உண்மை" என்று அண்ணனே ஒரு நாள் சொன்ன பிறகுதான் எடுத்தேன். அந்தப் படத்தை அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

பெயர் போடாததால் என்ன குறைந்துவிட்டது என்று சிலர் கேட்கலாம். சொல்கிறேன்.

முதலில் வேலை. இவர்களுக்குச் சம்பளம் என்று யாரும் மாதாமாதம் தருவதில்லை. தாராவியில் பொங்கல் விழா, செம்பூரில் கோயில் கொடை, பாண்டுப்பில் கல்யாண ஊர்வலம், தேர்தல் வந்தால் ஒரு கூட்டம் என்று யாராவது கூப்பிட்டால்தான் குதிரை வெளியே வரும். உங்கள் படத்தைப் பார்த்து, "நம் வீட்டு விசேஷத்துக்கு இவரைக் கூப்பிடலாமே" என்று நினைத்த ஒரு வாசகர் உல்லாஸ்நகரில் இருந்திருப்பார். யாரைக் கேட்பார்? பெயரும் 'சயான் கோலிவாடா' என்ற இரண்டு சொல்லும் இருந்திருந்தால் அவர் விசாரித்து வந்து சேர்ந்திருப்பார்.

அடுத்து, முதுமை. வயதான கலைஞர்களுக்கு அரசுகள் தரும் உதவித்தொகைக்கு மனுப் போடும்போது, இத்தனை காலம் இந்தக் கலையில் இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டியிருக்கிறது. மேடைக் கலைஞரிடம் அழைப்பிதழ் இருக்கும், சான்றிதழ் இருக்கும், அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் இருக்கும். தெருவில் ஆடியவரிடம் என்ன இருக்கும்? பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி வைத்திருப்பார். அண்ணன் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அப்படிப்பட்ட துண்டுகள் இருக்கின்றன, மராத்தி, இந்தி, ஆங்கிலம், தமிழ் என்று நாலு மொழியிலும். ஒன்றில்கூடப் பெயர் கிடையாது. ஓர் ஆங்கில நாளிதழ் அவரை ராஜஸ்தான் நடனக்காரர் என்று எழுதியிருக்கிறது. ராஜஸ்தானத்துக் கச்சி கோடி ஆட்டத்திலும் இடுப்பில் குதிரை உண்டு, ஆனால் அவர்களுடைய கால் தரையில் இருக்கும். மரக்காலில் ஏறி ஆடுவது நம் தஞ்சாவூர் ஆட்டம். பக்கத்தில் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. தஞ்சையை 1676 முதல் 1855 வரை ஆண்டவர்கள் மராட்டியர்கள், அவர்கள் காலத்தில்தான் இந்த ஆட்டம் தஞ்சைக்கு வந்தது என்று ஆட்டக்காரர்கள் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். மகாராஷ்டிரத்தின் தலைநகரில் ஆடும் தஞ்சாவூர்க்காரரிடம் அந்தக் கதையைக் கேட்க ஒரு பத்திரிகையாளருக்கும் தோன்றவில்லையே என்பது என் ஆதங்கம். நம் தமிழ் நாளிதழுக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

ஒரு தடவை மருந்துக்கடை ஒன்றில் மாட்டியிருந்த நாட்காட்டியில் அண்ணன் தன்னையே பார்த்திருக்கிறார். ஏதோ ஒரு கம்பெனி அச்சிட்டது. பிப்ரவரி மாதத்துக்கு அவர் படம். கடைக்காரரிடம், "இது நான்தான்" என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் படத்தையும், பெயின்ட் கறை படிந்த சட்டையோடு நின்ற அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார். "வருஷம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்து எனக்குக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டார். பணம் வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நியாயம்தான் என்பேன் நான்.

ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்கு வெளியே நடைபாதையில் ஓவியர்கள் தங்கள் ஓவியங்களை வரிசையாக மாட்டி வைத்திருப்பார்கள். உள்ளே இடம் கிடைக்காத ஓவியரானாலும் தன் ஓவியத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டிருப்பார். ஆடுகிறவர் எங்கே கையெழுத்துப் போடுவார்? அவருடைய ஆட்டம் முடிந்ததும் தெருவில் ஒன்றும் மிச்சமில்லை. படத்துக்குக் கீழே இருக்கிற அந்த ஒரு வரிதான் அவருக்குக் கிடைக்கக்கூடிய இடம். அதையும் "நாட்டுப்புறக் கலைஞர்" என்று நிரப்பிவிடுகிறோம்.

இந்த வழக்கத்தின் வேர் பழையது. 1854-லேயே பம்பாயில் புகைப்படச் சங்கம் இருந்தது. பிறகு 1868 முதல் 1875 வரை ஆங்கிலேய அரசு இந்திய மக்களைப் படம் எடுத்து எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. பெரும்பாலான படங்களுக்குக் கீழே சாதியின் பெயரோ கூட்டத்தின் பெயரோதான் இருக்கும். முன்னால் நின்று கேமராவைப் பார்த்த மனிதருடைய பெயர் இருக்காது. அவர்களுக்கு அந்த மனிதர் ஒரு மாதிரிப் பொருள், அவ்வளவுதான். ஆட்சி போய் இத்தனை காலம் ஆன பிறகு, தமிழரைப் பற்றித் தமிழர் தமிழில் எழுதும்போதும் அதே வரியைத்தான் எழுத வேண்டுமா?

சட்டம்கூட நம்மைவிட முன்னால் போயிருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், கலை நிகழ்த்துகிறவர் யார் என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர் என்று தொடங்கி, கழைக்கூத்தாடி, பொருள்களை வீசிப் பிடித்து வித்தை காட்டுகிறவர், மாயவித்தைக்காரர், பாம்பாட்டி வரைக்கும் அதில் எழுதியிருக்கிறார்கள். 1994-இல் இவர்களுக்கென்று தனி உரிமை சேர்க்கப்பட்டது. 2012-இல் செய்த திருத்தம், தன் நிகழ்ச்சிக்குத் தன் பெயரைக் குறிப்பிடும்படி கேட்கும் உரிமையையும் இவர்களுக்குக் கொடுத்தது. இது ஒலிப்பதிவையும் அசையும் படங்களையும் கருதி எழுதப்பட்டது. அசையாத ஒரு புகைப்படத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் பாம்பாட்டிக்கும் பெயர் உண்டு என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். செய்தி எழுதுகிறவர்கள் நினைக்கக் கூடாதா?

இன்னொரு சட்டமும் இதே நகரத்தில் இருக்கிறது, அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. 1959-ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம். பொது இடத்தில் பாடியோ, ஆடியோ, குறி சொல்லியோ, வித்தை காட்டியோ காசு வாங்கினாலும் அது பிச்சைதான் என்கிறது அது. டெல்லிக்கு நீட்டிக்கப்பட்டிருந்த அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. இங்கே அது இன்னும் நடப்பில் இருக்கிறது. விழா நடக்கும் ஒன்பது நாளும் எல்லோரும் கலைஞர் என்று கைதட்டுகிற அதே மனிதர், பத்தாம் நாள் அதே ஆட்டத்தை ரயில் நிலைய வாசலில் ஆடித் துண்டை விரித்தால் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போகலாம். பத்திரிகையில் பெயரோடு ஒரு படம் வந்திருந்தால், அதைக் காட்டி, "ஐயா, நான் பிச்சைக்காரன் இல்லை, ஆட்டக்காரன்" என்று சொல்ல அவருக்கு ஒரு பிடிப்பு இருக்கும்.

தாராவியிலிருந்து வரும் பறைக் குழுப் பிள்ளைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பறையின் தோல் தளர்ந்தால் நெருப்பில் காய்ச்சித்தான் இறுக்க வேண்டும். காகிதமோ வைக்கோலோ கொளுத்தி, வளையத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டுவார்கள். கூட்டம் நிறைந்த தெருவில் நெருப்பு மூட்டக் கூடாது, அது சரிதான். அதனால் வீட்டு வாசலிலேயே காய்ச்சி எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். கடற்காற்று பட்டதும் தோல் தளர ஆரம்பித்துவிடும். முதல் கால் மணி நேரம்தான் நல்ல நாதம். அந்தக் கால் மணி நேரத்தை, "இப்படித் திரும்புங்கள், குச்சியைத் தூக்கிப் பிடியுங்கள், எல்லோரும் சேர்ந்து குதியுங்கள்" என்று படம் எடுக்கிறவர்கள் தின்றுவிடுகிறார்கள். இடது கையில் மெல்லிய மூங்கில் சுண்டுக்குச்சி, வலது கையில் தடித்த அடிக்குச்சி. இரண்டும் ஒரே வேகத்தில் அசைவதில்லை. 60-இல் ஒரு பங்கு வைத்து எடுத்தால் சுண்டுக்குச்சி விரித்த விசிறி போலத் தெரியும். இதற்கு ஒருவரையும் குதிக்கச் சொல்ல வேண்டாம். பத்து நிமிடம் அடியைக் கேட்டுக்கொண்டு நின்றால், எந்த அடியில் கை மேலே வரும் என்று நமக்கே தெரிந்துவிடும்.

கரகம் ஆடும் பெண்களைப் பற்றி ஒரு பெண்ணாக எழுதுகிறேன். தலையில் செம்பு, அதன் மேல் பூவலங்காரம், உச்சியில் கிளி. உடம்பு முழுவதும் சுழலும்போது கழுத்து மட்டும் அசையாமல் நிற்கிறதே, அதுதான் அந்தக் கலை. தரையில் படுத்துக்கொண்டு இடுப்புக்குக் கீழேயிருந்து அவர்களை எடுக்கிற படங்கள் கலைப் புகைப்படம் ஆகாது. அப்படிப்பட்ட படத்தைப் பத்திரிகைகள் வாங்கக் கூடாது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

இதைவிட மோசமான ஒன்றையும் பார்த்தேன். விழாத் தெருவுக்கு வெளியே ஒரு நடைபாதையில் கடக்லட்சுமிக் குடும்பம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் தலையில் தேவியின் பெட்டியைச் சுமந்துகொண்டு, வளைந்த குச்சியால் மேளத்தை உரசி உறுமவைக்க, கணவர் சாட்டையைச் சுழற்றித் தன்மேல் அடித்துக்கொண்டார். நம் ஊர்க் கோயில்களில் சாட்டையடி பார்த்தவர்களுக்கு அந்த ஓசை தெரியும். படம் எடுத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், தான் பொத்தானை அழுத்துவதற்குள் அடி விழுந்துவிட்டது என்று, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று விரலைக் காட்டினார். அந்த மனிதரும் இன்னொரு தடவை அடித்துக்கொண்டார். இளைஞர் திரையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். தட்டில் ஒரு ரூபாய் விழவில்லை. பக்கத்தில் நின்ற என் மகள்தான் ஓடிப்போய்ப் போட்டாள்.

விழாவுக்குப் படம் எடுக்கப் போகும் இளம் பிள்ளைகள் நம் நாளிதழைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன் போய் வணக்கம் சொல்லுங்கள். பெயர் என்ன, ஊர் எது, ஆட்டத்துக்கு என்ன பெயர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டால் இல்லை என்று சொல்பவர்கள் மிகக் குறைவு, சொன்னால் விட்டுவிடுங்கள். வட்டத்தின் ஓரத்தில் நில்லுங்கள், உள்ளே நுழையாதீர்கள். தட்டில் பணம் போடுங்கள். அவர்கள் செல்பேசி எண்ணை வாங்கி அன்று இரவே படத்தை அனுப்பிவிடுங்கள், அதற்குச் செலவே இல்லை. முடிந்தால் தபால் அட்டை அளவில் அச்சிட்டுக் கொடுங்கள், ஒரு வடாபாவ் விலைதான் ஆகும். என் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தால் தெருக் கலைஞர்களின் படங்களை நான் காசு வாங்காமல் அச்சிட்டுத் தருகிறேன். கயிற்றில் நடந்து வித்தை காட்டும் டோம்பாரிச் சமூகத்துக் குழந்தைகள் விஷயத்தில் மட்டும் பெயரையும் முகத்தையும் வெளியிடாமல் இருப்பதுதான் சரி. அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவர்கள்.

விழா நடத்துகிறவர்களுக்கும் ஒரு யோசனை. மேடை நிகழ்ச்சிகளுக்கு நிரல் அச்சிடுவது போல, தெருவில் ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் பெயர், ஊர், கலை, தொடர்பு எண் எழுதிய ஓர் அட்டையை நிறுத்தி வைக்கலாம். படம் எடுப்பவர் அட்டையையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும், பிறகு பெயர் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆட்டக்காரர்களுக்கு நிற்க, உட்கார, கட்டை அவிழ்க்க ஒரு நிழலான இடமும், சுற்றிக் கயிறு கட்டிய ஆடுகளமும் கிடைத்தால் கோடி புண்ணியம்.

பெயர் சொல்லி எழுதினால் என்ன நடக்கும் என்பதை நாம் சமீபத்தில் பார்த்தோமே. 2025-இல் மதுரையின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது எல்லாப் பத்திரிகையும் அவர் பெயரைப் போட்டன. அன்று தாராவிப் பறைக் குழுப் பிள்ளைகள் அந்தச் செய்தியை வெட்டிக்கொண்டு வந்து, பெரிதாக அச்சிட்டுத் தரச் சொல்லி என் கடை வாசலில் நின்றார்கள். ஒரு பையன் சொன்னான், "அக்கா, பறைக்காரர் என்று போடவில்லை பாருங்கள், பெயர் போட்டிருக்கிறார்கள்."

இப்போது நம் நாளிதழிடம் என் கோரிக்கை. அண்ணன், அக்கா இருவருடைய பெயரையும், எழுத்துப் பிழை வராதபடி அவர்களே சொல்லச் சொல்ல எழுதி, தனித் தாளில் இத்துடன் இணைத்திருக்கிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் அனுப்புகிறேன். அதை இந்தக் கடிதத்துக்குள் எழுதவில்லை, ஏனென்றால் வாசகர் கடிதத்தில் வருவது வேறு, பத்திரிகை தானே போடுவது வேறு. அதே படத்தைச் சிறிதாகவாவது மறுபடி அச்சிட்டு, அதற்குக் கீழே அந்த இரண்டு பெயர்களும் வர வேண்டும். பிஸ்கட் டப்பாவில் வெட்டி வைக்க அவர்களுக்கு அது போதும். இடம் நெருக்கடி என்றால் என் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள், என் பெயரையும் விட்டுவிடுங்கள், குறையில்லை. திருத்தம் மட்டும் வந்துவிட வேண்டும். இனிமேல் தெருக் கலைஞர் படம் வரும்போதெல்லாம் பெயர் கேட்டு வரச் சொல்லி உங்கள் புகைப்படக்காரர்களிடமும் செய்தியாளர்களிடமும் சொல்லுங்கள். கூட்டத்தில் கேட்க முடியாமல் போனால், "பெயர் தெரிந்தவர்கள் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும்" என்று போடுங்கள். மும்பைத் தமிழர்களிடையே இரண்டு நாளுக்குள் பதில் வந்துவிடும்.

சித்திரையில் எங்கள் பகுதிக் கோயில் திருவிழாவில் ராஜாவும் ராணியும் ஆடுகிறார்கள், தாராவிப் பிள்ளைகளின் பறையும் உண்டு. அந்தப் படம் எடுத்த உங்கள் புகைப்படக்காரரையே அனுப்பிவையுங்கள், அவர் கை நல்ல கை. ஆட்டம் ஏழு மணிக்கு. ஐந்து மணிக்கே என் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டால், கட்டை கட்டுகிற இடத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போய் இருவரிடமும் அறிமுகப்படுத்துகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகி,
சயான் கோலிவாடா, மும்பை